லாவண்டர் பூத்த வாரம்

ஃப்ரானே விட்ட முதல் குத்திலேயே பக்கத்து வீட்டு யூரேயின் மூக்கு உடைந்தது.

"ஒரு வாரமா மாடி ஜன்னலே கதின்னு கெடக்குறியே, கெழட்டுப் பயலே! என் பொண்டாட்டியப் பாக்கத்தானே மாடி எடுத்த?"

"மாதாவே! நான் தோட்டத்தைத்தாம்ப்பா பாத்தேன். லாவண்டர் பூத்திருக்கு..."

"பூவைப் பாக்குற மூஞ்சியப் பாரு!" என்று அவர் தலையைச் சுவரில் மோதினான்.

மனைவி தோன்காவுக்குத் தரவேண்டியதைக் காலையிலேயே கொடுத்து, அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட அவளை அவன் வெளியே விட்டதில்லை. ஆனால் ஆசைப்பட்டாளே என்று மூலிகைத் தோட்டம் போட்டுக் கொடுத்தான். ரோஸ்மேரிக்கு நடுவே லாவண்டரைப் பின்னல்போல வளைத்து வளைத்து நடவேண்டும் என்றாள். அவள் கயிறு பிடித்த இடத்திலெல்லாம் அவனே குழி தோண்டி நட்டான். இந்தத் தீவில் வேறெந்தப் புருஷன் இப்படிச் செய்வான்?

"ஜன்னல் இருந்தாத்தானே பாப்ப?"

சுத்தியலோடு யூரே வீட்டு மாடியேறி ஜன்னல் கண்ணாடியை நொறுக்கினான். உடைந்த சட்டத்தின் வழியே கீழே பார்த்தவனின் கை அப்படியே நின்றது.

தரையிலிருந்து வெறும் வளைவுகளாகத் தெரிந்த லாவண்டர், இங்கிருந்து பார்க்க, பச்சைக்கு நடுவே ஊதா எழுத்துகளாகப் பூத்திருந்தது.

'காப்பாற்றுங்கள்.'

தெருவில் போலீஸ் வண்டி வந்து நின்றது.

"நல்லாத்தான் நட்டிருக்கப்பா," என்றார் யூரே கீழேயிருந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு. "ஒரு எழுத்துகூடக் கோணல."