பாகீரதி மாமியின் ரேடியோ

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுத்தான் மறுவேலை!"

பிச்சுமணி பேனாவை மேஜைமேல் எறிந்தார். சர்க்கார் காகிதத்தில் மை தெறித்தது. அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

எதிர்வீட்டு ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

வலியசாலையில் அந்தத் தெருவுக்கு முதலில் வந்த ரேடியோ அது. பாகீரதி மாமியின் பிள்ளை வெங்கடேஸ்வரன் பம்பாய்க்கு வேலைக்குப் போகும்போது, அம்மா தனியாக இருப்பாளே என்று வாங்கி வைத்துவிட்டுப் போனான். மாமிக்குக் காது மந்தம். அது தெருவுக்கே தெரியும். அதனால் மாமி ரேடியோ போட்டால் அதுவும் தெருவுக்கே தெரியும்.

பாட்டாக இருந்தாலாவது சகித்துக்கொள்ளலாம். பிச்சுமணி வீட்டில் இருக்கிற நேரத்தில் பாட்டு வந்ததே இல்லை. வாணலியில் வடை பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல். நடுவே 'கூய்' என்று ஒரு ஊளை. திடீரென்று யாரோ இங்கிலீஷில் யுத்தச் செய்தி வாசிப்பான். அவனும் பாதியில் காணாமல் போவான். மறுபடியும் வடை.

"சர்க்கார் கச்சேரியில நாள் முழுக்க மேலதிகாரிகிட்ட ஏச்சு. ஆத்துல வந்து நிம்மதியா ஒரு ரிப்போர்ட் எழுதலாம்னா வல்லாத்த சல்லியம், பெரிய தொல்லையான்னா இருக்கு!"

ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி சரோஜம் மெதுவாகச் சொன்னாள். "வயசானவா. கொஞ்சம் பொறுத்துக்கோங்கோன்னா."

போன மழைக்காலத்தில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளுக்கு அந்தக் கட்டில்தான் உலகம். காலையில் சமையற்காரி வந்து போனால், பிச்சுமணி ஆபீஸ் முடிந்து கிளப்பில் சீட்டாடிவிட்டு வரும்வரை பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

"உனக்கென்ன, சொகமாப் படுத்துண்டு சொல்லுவே! நீயும்தானே ஒரு ரேடியோ வாங்கலாமான்னு கேட்டே? ரேடியோ வச்ச ஆத்துல சந்தைக்கடைதான்னு அன்னிக்கே சொன்னேன். இப்போ கேட்டுக்கோ!"

சரோஜம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேல்முண்டைத் தோளில் வீசிக்கொண்டு பிச்சுமணி தெருவைக் கடந்தார்.

மாமி ஜன்னலருகில் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா, பிச்சுமணி. சரோஜத்துக்கு இடுப்பு வலி தேவலையா?"

"அது கிடக்கட்டும். முதல்ல இந்தச் சனியனைக் குறையுங்கோ!" ரேடியோவை நோக்கிக் கையை வீசினார்.

மாமி அவருடைய கையைப் பார்த்தாள். "சரியா வரலையா? இதோ." ஒரு குமிழைத் திருப்பினாள்.

ஊளை இரண்டு மடங்காயிற்று.

"ஐயோ, குறைக்கச் சொன்னா கூட்டறேளே!" இன்னும் வேகமாகக் கையை வீசினார்.

"இன்னும் கொஞ்சம் திருப்பணுமா? ஆட்டே, ஆகட்டும்." திருப்பினாள். சுவரே அதிர்ந்தது. மாமி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "இப்போ சரியா?"

அந்தச் சிரிப்பு பிச்சுமணியின் ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டது.

"கேலி பண்றேளா என்னை? பிள்ளை பம்பாயில சம்பாதிக்கற திமிரு! தெருவுல வேற மனுஷாளே குடியிருக்க வேண்டாமா?"

மாமியின் சிரிப்பு மெல்ல மறைந்தது. அவருடைய உதடுகளையே உற்றுப் பார்த்தாள். "கோவமா இருக்கே போலிருக்கு. கச்சேரியில ஏதாவது தொந்தரவா? உட்காரு, மோர் கொண்டுவரேன்."

அதற்குமேல் பேசிப் பயனில்லை. பிச்சுமணி விறுவிறுவென்று வெளியே வந்தார். கூரைமேல் மூங்கில் கழியில் கட்டியிருந்த ஏரியல் கம்பி ஜன்னல் வழியாக உள்ளே ரேடியோவுக்குப் போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. 'டங்' என்று அறுந்து கீழே விழுந்தது.

ஊளை அடங்கியது. தெரு அமைதியாயிற்று.

"பார்த்தியா?" வீட்டுக்குள் நுழையும்போதே மார்தட்டிக்கொண்டார். "மரியாதையாச் சொன்னா கேக்கலை. கம்பியை அறுத்து விட்டுட்டேன். இனிமே அது எப்படிக் கத்தறதுன்னு பார்க்கலாம்!"

சரோஜம் அவர் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

எதிர்ஜன்னலில் பாகீரதி மாமி நின்றிருந்தாள். ரேடியோவின் சின்ன விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கை குமிழில் இருந்தது. மறுகையை உயர்த்தி, 'எப்படி?' என்பதுபோல் சரோஜத்திடம் விரலை விரித்துக் காட்டினாள்.

சரோஜம் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, 'நன்னாயிருக்கு' என்று தலையை ஆட்டினாள். மாமி திருப்தியாகப் போய் உட்கார்ந்தாள்.

"என்னடி இது, ஊமை ஜாடை?"

"பாட்டு சரியா வரதான்னு கேட்டா. வரதுன்னேன்."

"பாட்டா? அங்கே சத்தமே இல்லையே! அது அவளுக்கே தெரியாதா?"

"தெரியாது. நீங்க இல்லாதபோது நான் இங்கேருந்து கை காட்டுவேன். அதைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி, பாட்டுல கொண்டு வந்து நிறுத்துவா. நீங்க வந்துட்டா பயந்துண்டு நான் கையைத் தூக்கறதில்லை." சரோஜம் எதிர்ஜன்னலைப் பார்த்தாள். "மாமிக்குக் காது சுத்தமாப் போயாச்சு. நான் ஒத்தையாக் கிடக்கேனேன்னு எனக்காகத்தான் தினமும் அந்த ரேடியோவை வைக்கறா."