அந்தப் பக்கம் போகாதீங்க!

"இந்தாம்மா, சட்டத்தைக் கையில வெச்சுக்கிட்டா எப்ப வேணா யார் கம்பெனிக்குள்ள வேணா நுழையலாம்னு நினைப்பா?"

பெயிண்ட் கம்பெனி வாசலிலேயே தம்பி முதலாளி எண்ணெயில் விழுந்த கடுகாக வெடித்தான்.

சோதனைக்கு வந்த பெண் அதிகாரி தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படிப்பட்ட வரவேற்பு அவளுக்குப் பழகிப் போயிருந்தது.

"டேய், சும்மா இருடா!" என்று அதட்டிக்கொண்டே உள்ளிருந்து வந்தார் அண்ணன் முதலாளி. இரண்டு கையும் கூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். அவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், முன்கோபி. நீங்க உட்காருங்க. பாவம், வெயில்ல வந்திருக்கீங்க."

தன் கைக்குட்டையாலேயே நாற்காலியைத் துடைத்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். காபி வந்தது.

"உபசாரம் வேற!" என்று தம்பி முணுமுணுத்தான்.

இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தானா என்று அதிகாரிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் வந்த விஷயம் இதுதான். ஈயம் கலந்த பெயிண்டை இனிமேல் விற்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டுவிட்டது. பழைய சரக்கைத் தீர்க்கக் கொடுத்த கெடுவும் முடிந்துவிட்டது. யாராவது திருட்டுத்தனமாக இன்னும் கலக்கிறார்களா என்று ஒவ்வொரு கம்பெனியாகப் பார்த்து வருகிறாள்.

"ரொம்ப நல்ல சட்டம் மேடம்," என்றார் அண்ணன். "எங்களை மாதிரி சின்ன கம்பெனிக்குக் கஷ்டம்தான், இல்லேங்கல. ஈயம் போட்ட மஞ்சள் ஒரு கோட் அடிச்சாலே பளிச்சுனு நிக்கும். இப்ப வர்ற மஞ்சள் விலையும் ஜாஸ்தி, மூணு கோட் அடிச்சாலும் அடியில இருக்கற மரம் எட்டி எட்டிப் பார்க்குது. அதுக்காக? பச்சப் பிள்ளைங்க பெஞ்சைக் கடிக்கும், கதவை நக்கும். அதுங்க மூளையைக் கெடுத்துட்டு நாம நல்லா இருக்க முடியுமா? கெடுவுக்கு முன்னாடியே பழசை எல்லாம் ஒழிச்சுக் கட்டிட்டேன்."

அதிகாரிக்கு மனசு நிறைந்துவிட்டது.

"எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இருக்காது சார்."

"எல்லாம் கடவுள் பார்த்துக்கிட்டிருக்கார் மேடம்," என்று மேலே கையைக் காட்டினார் அவர். பிறகு முன் அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் டின்னைத் தானே எடுத்து வந்து நீட்டினார். "இந்தாங்க, சாம்பிள். நீங்களே சீல் வெச்சுக்குங்க."

வைத்தாள்.

வாசலில் ஒரு வேனில் மஞ்சள் டின்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்க போகுது?"

"பாலர் பள்ளிக்கு மேடம். புது பெஞ்சு, மேஜைக்கெல்லாம் அடிக்க. அதுவும் இதே சரக்குதான்."

அவள் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அவ்வளவுதான், தம்பி பாய்ந்து வந்து குறுக்கே நின்றான்.

"சாம்பிள் எடுத்தாச்சில்ல? அப்படியே வாசலைப் பார்த்துக் கிளம்புங்க. பின்னாடி ரூம் பக்கம் மட்டும் போனீங்க, நடக்கறதே வேற!"

அவள் வாசல் பக்கம்தான் திரும்பியிருந்தாள். பின்னால் ஒரு அறை இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"எந்த ரூம்?"

"அதான், அந்த டிரம் வரிசைக்குப் பின்னாடி இருக்கற பச்சைக் கதவு. அதைத் திறக்கச் சொல்ற அதிகாரமெல்லாம் உங்களுக்குக் கிடையாது, சொல்லிட்டேன்!"

அண்ணன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "வாயை மூடுடா!" இந்தத் தடவை குரலில் வெண்ணெய் இல்லை.

"கதவைத் திறங்க சார்," என்றாள் அதிகாரி.

"உடைஞ்ச சாமான் போட்டு வெச்சிருக்கற ரூம் மேடம். சாவி கூட எங்கேயோ..."

"அண்ணா! மேஜை டிராயர்ல இருக்கற சாவியை மட்டும் எடுத்துக் குடுத்துடாதீங்க. என்ன பண்றாங்கன்னு பார்த்துடலாம்!"

டிராயரை அவளே திறந்தாள்.

பச்சைக் கதவுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக மஞ்சள் பொடி. ஒவ்வொரு மூட்டையிலும் ஈயத்தின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. பாதி மூட்டைகள் பிரித்துக் காலியாகிக் கிடந்தன. அங்கிருந்து கலவைத் தொட்டி வரைக்கும் தரையெல்லாம் புத்தம் புது மஞ்சள் காலடிகள்.

வேன் நின்றது. ஏற்றிய டின்கள் எல்லாம் இறங்கின. அறைக்கும் தொட்டிக்கும் சீல் விழுந்தது.

அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் உன்னாலதாண்டா. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அவங்க பாட்டுக்குப் போயிருப்பாங்க."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அதிகாரி ஜீப்பில் ஏறப் போனபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினாள். அவனேதான்.

"இன்னும் ஏதாவது திட்ட பாக்கி இருக்கா?" என்றாள். "கோபத்துல கத்தி, கூடப் பிறந்த அண்ணனை நீங்களே மாட்டி விட்டுட்டீங்க. அதாவது புரியுதா உங்களுக்கு?"

அவன் ஒரு தடவை கம்பெனி வாசலைத் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"எனக்குக் கோபமே இல்ல மேடம்," என்றான். அவனுக்கு இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. "அப்பா போனதுக்கு அப்புறம் என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவர் அவர். அவர் முகத்தைப் பார்த்து, 'இது பாவம் அண்ணா, வேண்டாம்'னு சொல்ல எனக்குத் தைரியம் வரல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கை கூப்பினான்.

"அதான் மேடம், உங்களைத் திட்டினேன்."