இறால்காரர்

தூண்டில் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இறால் அவரை முறைத்துப் பார்த்தது. வால் லேசாகக் கீழே வளைந்திருந்தது. வயிற்றில் கொக்கி.

மீனை ஏமாற்ற இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலி இறால் அது. அதற்குக் கண் வைக்க, தடித்த நைலான் நூலின் நுனியைத் தீயில் காட்டி உருட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் வெந்துவிடும். மீன்பிடிச் சங்கத்தில் அவருக்கு இறால்காரர் என்று பெயர் வந்ததே இப்படிக் கட்டும் வித்தையால்தான். அவர் வீட்டு மேசையைத் தாண்டி அது எந்தக் கடைக்கும் போனதில்லை.

"புதுச் சரக்கு சார்," என்றார் கடைக்காரர். "கொடுவா மீன் கண்ணை மூடிக்கிட்டுக் கவ்வுது."

"யார் கட்டினது?"

"பேர் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

கடல் காற்றுக்குத் தாங்கும் கனமான நூல்கண்டு வாங்க வந்தவர், வெறுங்கையோடு படி இறங்கினார். அவர் கட்டும்போது பக்கத்தில் உட்காரும் உரிமை ஒருவனுக்குத்தான் உண்டு. மனைவியின் தம்பி.

படகுக் கொட்டகையில் மைத்துனன் தூண்டில் ராடின் ரீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான். நாளைக்குக் காத்து அடிக்கும்போல, பெரிய ராடையே எடுத்துக்கலாம். நுனியில கம்பி கட்டவா? பல்லுள்ள மீன் வந்தா நூலை அறுத்துட்டுப் போயிடும்."

"நீ வர வேண்டாம். நாளைக்கும் வேண்டாம், இனிமேலும் வேண்டாம்."

"என்ன அத்தான்?"

"கடையில பார்த்தேன். என் இறால் அங்க விக்குது. கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடா."

அவன் முகம் வெளுத்தது. "நான் கொடுக்கலை அத்தான்."

"அப்ப யாரு? அதுவே நீந்திப் போச்சா?"

மைத்துனன் வாயைத் திறந்தான். ஏதோ நினைத்து மூடிக்கொண்டான். ராடைத் துண்டு துண்டாகக் கழற்றி உறையில் போட்டு, அவர் காலடியில் வைத்துவிட்டு நடந்தான். கல்யாணமான புதிதில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு வந்த பொடியன் அவன். அவன் முதுகு மறையும்வரை இறால்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். ஆனாலும் கூப்பிடவில்லை.

வீட்டில் மனைவி குழாயைத் திறந்துவிட்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பு எரியவில்லை.

"என்னங்க, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"உன் தம்பி நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டான்." அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. "வேற எவனாவது செஞ்சிருந்தா உதறிட்டுப் போயிருப்பேன். வீட்டு ஆளே செஞ்சா எப்படித் தாங்குறது? வயிறு எரியுது."

அவள் குழாயை மூடினாள். துண்டில் கையைத் துடைத்தாள்.

"முதல்ல அவன்கிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்க. கடைக்குக் கட்டிக் கொடுக்கிறது நான்."

மைத்துனன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் வடிந்து, அதைவிடக் கனமான ஏதோ ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"நீயா? என்னோடதை எடுத்து, என்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லாம..." குரல் உடைந்தது.

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"முதல் இறாலை நான்தானே கட்டினேன். நீங்க சங்கத்து மேடையேறி அதை உங்களோடதுன்னு சொன்னப்ப, எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு."