தனித்தனி ரூம்

“மறுபடியும் அலாரக் கடிகாரமா சார்?” என்றார் கடைக்காரர்.

“என்ன செய்றது? ஒருத்திக்கு மணி அடிச்சாத்தான் குளிக்கணும், சாப்பிடணும், காலேஜ் போகணும்னே ஞாபகம் வரும். இன்னொருத்திக்கு அந்தச் சத்தம் கேட்டாலே உயிர் போயிடும். தூக்கிச் சுவத்துல அடிச்சிடுவா. நாளைக்குப் பரீட்சை வேற.”

“போன்ல வைக்கலாமே?”

“அதைத்தான் முதல்ல உடைச்சா.”

கடைக்காரர் சிரித்தார். “இதுக்குப் போய்த் தலையைப் பிச்சுக்கிறீங்களே! ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல படுக்க வைங்க சார்.”

வாங்க வந்தவர் காசைக் கொடுத்தார். கடிகாரத்தோடு வீட்டுக்கு நடந்தார்.

வாசலிலேயே மகள் காத்திருந்தாள். அவருக்கு ஒரே மகள். ஆட்டிசமும் கவனக்குறைபாடும் அவளோடு சேர்ந்தே பிறந்தவை.

“நல்லாச் சத்தமா அடிக்குமாப்பா?” என்று கேட்டாள், இரண்டு காதையும் இப்போதே பொத்திக்கொண்டு.