நான்கு நாற்காலிகள்

விட்லாக் சார் கரும்பலகைக்கு முன்னால் நான்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்.

"1960, அமெரிக்காவோட தெற்குப் பகுதி. வெள்ளைக்காரங்களுக்கு மட்டுமான சாப்பாட்டுக் கடை. கறுப்பின மாணவர்கள் போய் உக்காந்தாங்க. அடி வாங்கினாங்க, திருப்பி அடிக்கல. இன்னிக்கு நாம நடிச்சுப் பார்ப்போம். யார் உக்கார்றது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் கறுப்பினத்தவள் நான் ஒருத்திதான். போய் உட்கார்ந்தேன்.

"மத்தவங்க எல்லாம் கும்பல். மணி அடிக்கிறதுக்குள்ள ஒடெசாவை எழுப்பணும்."

முதலில் சிரித்துக்கொண்டேதான் திட்டினார்கள். மதியம் மிச்சம் வைத்த பாலை பிரென்னன் என் தலையில் ஊற்றினான்.

"எந்திரிடி! இது உன் இடமில்ல!"

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். முதுகில் குத்து விழுந்தது. "மெதுவா, மெதுவா" என்ற சாரின் குரல் கூச்சலில் அமுங்கிப்போனது. என் உதட்டைக் கிழித்த அறை, சிறுவயதுத் தோழி கெண்ட்ராவுடையது.

நான் எழுந்திருக்கவில்லை. கண் மட்டும் பக்கவாட்டில் போய்ப் போய் வந்தது.

மணி அடித்தது.

கெண்ட்ரா தன் கையையே பார்த்தாள். "சாரிடி ஒடெசா. ரொம்ப வலிச்சுதா?"

"அடி வலிக்கல."

"அப்புறம் ஏன்டி அழற?"

காலியாகக் கிடந்த மூன்று நாற்காலிகளைக் காட்டினேன். "நீயாவது பக்கத்துல வந்து உக்காருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"உக்காரலாம்னு சார் சொல்லவே இல்லையே!"

"அன்னிக்கு அந்தக் கடையில அவங்க கூட வந்து உக்காந்த வெள்ளைக்காரப் பசங்களுக்கு யாருடி சொன்னா?"