பன்னிரண்டாவது கட்டுரை

இதழியல் படிக்கும் அவள், தன் எழுத்துக்கென்று செய்துகொண்டிருந்த வெப்சைட்டில் ஏற்றியது பதினொரு கட்டுரைகள். முகப்பில் பன்னிரண்டு இருந்தன.

பன்னிரண்டாவது, கீழ்த்தளத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாமாவைப் பற்றியது. எழுதியவர் என்று அவள் பெயரே இருந்தது. அவள் எழுதவில்லை.

அக்கா அவள் தோள்மேல் சாய்ந்து முதல் பத்தியைப் படித்தாள். "நீ எழுதினதுலேயே இதுதான்டி உசத்தி!"

உண்மைதான். டயர் பஞ்சராகி வந்த எந்தப் பிள்ளையையும் மாமா பள்ளிக்கு நடக்க விட்டதில்லை. தன் சைக்கிளைக் கொடுத்தனுப்பிவிடுவார். தினமும் பார்த்தும் இதை எழுதத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசி வரி, மாமாவின் மனைவி சொன்னது: "'பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு'ன்னார். எடுத்துட்டுத் திரும்பினா, உயிர் இல்ல."

யார் சொன்னதையும் அவர்களிடமே படித்துக் காட்டாமல் அவள் வெளியிட்டதில்லை. இதை எப்படிப் படித்துக் காட்டுவது? தடதடவென்று படியிறங்கினாள்.

மாமா ஒரு சிறுமியின் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, அத்தையைக் கேலி செய்தபடி செயின் மாட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்னம்மா, வெப்சைட் முடிஞ்சுதா? என்னைப் பத்தியும் நாலு வரி எழுதேன்."

"எழுதறேன் மாமா."

அவர் சிரித்துக்கொண்டே அத்தை பக்கம் கை நீட்டினார். "அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு."

"நீங்க இருங்க அத்தை, நான் எடுக்கறேன்!" என்று அவள் முந்திக்கொண்டாள்.

சுவரில் வரிசையாக மாட்டியிருந்ததில் பத்தாம் நம்பர் உடனே கிடைத்தது. இனி திரும்ப வேண்டியதுதான் பாக்கி.