ஆபீசர் வந்தால் திறக்கும் கதவு

தார்ப்பாய் பறக்காமலிருக்க வைத்திருந்த ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு செவ்வந்தி நடந்தாள்.

இறால் ஏலம் பாதியில் நின்றது.

"வழி வுடுங்கடி. பாவம், அவளுக்கு வயித்தக் கலக்கிடுச்சு," என்று தன் கூடையை ஓரமாக இழுத்தாள் முத்தம்மாள்.

செவ்வந்தியின் வயிறு தோணிரேவு குப்பம் முழுக்கத் தெரிந்த வயிறு.

பொன்னேரி டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டார். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. காரத்தையும் பால் டீயையும் விட்டுவிடு, வேளைக்குக் கொஞ்சமாகச் சாப்பிடு, மனசைப் பதற விடாதே என்றார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதையெல்லாம் செய்தாள். நண்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டில் கஞ்சியும் அவித்த மீனுமாக உட்கார்ந்தாள். வலி பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி இந்த ஏலக்கூடத்தில் இருந்தது.

கூடத்துக்குப் பின்னால் ஓடு பதித்த கழிப்பறை உண்டு. அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் திறக்கும். சாவி சங்கத் தலைவர் கோதண்டத்தின் இடுப்பில். பெண்களுக்கு வேலிக்காத்தான் புதர்தான். பூநாரை பார்க்க வருகிறவர்களின் நீளமான கேமராக்களும் அந்தப் பக்கமாகத்தான் திரும்பியிருக்கும்.

இப்போது வந்துவிட்டால் எங்கே போவது? கூடையை இறக்கும்போதே அந்த நினைப்பு வரும். நினைப்பு வந்த கணமே வயிறு முறுக்கும்.

எடைக்கல்லின் மூன்றாவது அடியில் கழிப்பறைப் பூட்டு தெறித்தது.

கோதண்டம் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். "இன்னாமே இது! அவசரம்னா எங்கிட்ட வந்து சாவி கேக்க மாட்டியா?"

செவ்வந்தி உள்ளே போய்க் குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்தது. மூடினாள். கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே வந்தாள்.

"அவசரம்லாம் இல்ல மாமா. வயிறு இன்னிக்கு நல்லாத்தான் கீது. அவசரத்துல இம்மாம் பெரிய கல்லத் தூக்க முடியுமா?"

உடைந்த பூட்டை அவர் கையில் வைத்துவிட்டுத் தன் கூடைக்குத் திரும்பினாள். எடைக்கல் கதவு மூடாதபடி முட்டாகக் கிடந்தது. தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

ஏலக்காரர் விட்ட விலையிலிருந்து மறுபடி கூவ ஆரம்பித்தார்.

முத்தம்மாள் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் கூடத்துக்குப் பின்னால் போனாள். எடைக்கல்லைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.